வீட்டுக் காணொளியை நாமே தொகுக்கலாம்: செலவில்லாத மென்பொருள்களும் கவனிக்க வேண்டியவையும்

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்த மறுநாள், குடும்பப் புலனக் குழுவில் காணொளிகள் வந்து குவியும். கரகம் புறப்படுவதை ஒருவர் எடுத்திருப்பார், அன்னதானத்தை இன்னொருவர், பேரப்பிள்ளைகளின் ஆட்டத்தை மற்றொருவர். ஓரிரண்டைப் பார்த்துவிட்டு, மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்கள். சில மாதங்களில் கைப்பேசியில் இடம் போதவில்லை என்ற அறிவிப்பு வரும். முதலில் அழிக்கப்படுபவை இந்தக் காணொளிகள்தாம்.

அவற்றோடு என்னென்ன போயின என்பது பெரும்பாலும் பிறகுதான் தெரியவரும். பிரட்டுக்களத்தைப் பற்றியும் ஆயாக்கொட்டகையைப் பற்றியும் பாட்டி பேசிய பத்து நிமிடம் அதில் இருந்திருக்கலாம். இடிபடுவதற்கு முன் எடுத்த லயத்து வீட்டின் ஒரே காட்சி இருந்திருக்கலாம். பால்மரக் காடு செம்பனைக் காடாகி, அதுவும் வீடமைப்புப் பகுதியாகிவிட்ட ஊர்களில், பழைய தோட்டத்தைப் பார்க்க இத்தகைய பதிவுகளை விட்டால் வேறு இடம் இல்லை.

சிதறிக் கிடக்கும் பதிவுகளை வெட்டி ஒழுங்குபடுத்திப் பத்து நிமிடப் படமாக்கிவிட்டால் வீட்டார் அதைப் பார்ப்பார்கள். பார்க்கும் படத்தை யாரும் எளிதில் அழிப்பதில்லை. அதற்குத் தேவையான தொகுப்பு மென்பொருள்கள் இன்று கட்டணமின்றியே கிடைக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, பணம் எங்கே பறிபோகும், வேலையை எப்படித் தொடங்குவது என்பவற்றைப் புதியவர்கள் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

தொகுப்பு எப்படி நடக்கிறது

எந்தத் தொகுப்பு மென்பொருளைத் திறந்தாலும் திரையின் கீழ்ப்பகுதியில் நீளமான ஒரு பட்டை இருக்கும். அதுதான் 'டைம்லைன்' எனப்படும் காலக்கோடு. காணொளித் துண்டுகளை அதில் இடமிருந்து வலமாக அடுக்கினால் அந்த வரிசையில் படம் ஓடும். தேவையற்ற தொடக்கத்தையும் முடிவையும் சுருக்குவது, நடுவில் வெட்டுவது, ஒலியைக் கூட்டுவது குறைப்பது, தலைப்பு எழுதுவது ஆகிய நான்கும் தெரிந்தால் வீட்டுப் படத்திற்குப் போதும். வேலை முடிந்ததும் 'எக்ஸ்போர்ட்' என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே கோப்பாக வெளிவரும்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே மனத்தில் கொள்ள வேண்டும். கணினியில் சேமிக்கப்படும் தொகுப்புக் கோப்பில் பொதுவாகக் காணொளி இருக்காது. எந்தப் பதிவில் எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். அது சமையல் குறிப்பைப் போன்றது. அரிசியும் பருப்பும் அதில் இல்லை. மூலப் பதிவை அழித்தாலோ வேறு இடத்திற்கு நகர்த்தினாலோ பாதி முடித்த வேலை திறக்காது. ஆகவே ஒரு படத்திற்கான காணொளி, நிழற்படம், இசை அனைத்தையும் முதலிலேயே ஒரே கோப்புறையில் போட்டுவிட்டுத் தொகுப்பைத் தொடங்க வேண்டும்.

கைப்பேசி மட்டும் உள்ளவர்களுக்கு

கணினி இல்லாத வீடுகளிலும் கைப்பேசி இருக்கிறது. தொடக்கமும் முடிவும் நீக்கினால் போதும் என்றால் எதையும் பதிவிறக்கத் தேவையில்லை. படங்களைக் காட்டும் செயலியிலேயே அந்த வசதி உண்டு. வெட்டிய பின் 'நகலாகச் சேமி' என்ற பொருள்தரும் தேர்வை அழுத்தினால் மூலப் பதிவும் அப்படியே இருக்கும்.

பல துண்டுகளைச் சேர்க்க வேண்டுமானால், ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஐமூவி இருக்கிறது. 1999இல் ஆப்பிள் கணினிகளுக்காக வந்த இந்த மென்பொருளை 2017 முதல் ஆப்பிள் சாதனம் வைத்திருக்கும் எவரும் கட்டணமின்றிப் பெறலாம். படத்தின் மீது எந்த நிறுவனப் பெயரும் விழாது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கும் விண்டோஸ் கணினிக்கும் ஐமூவி வெளியிடப்படவில்லை. அப்படி ஒன்று இருப்பதாக இணையத்தில் விளம்பரம் கண்டால் விலகிவிடுவதே நல்லது.

ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் வி.என்., இன்ஷாட், கேப்கட், கைன்மாஸ்டர் ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றுள் வி.என். செயலியின் இலவசப் பிரிவு நீர்க்குறி இடாமலேயே படத்தைத் தருகிறது. இன்ஷாட் இடும் நீர்க்குறியை ஒரு விளம்பரத்தைப் பார்த்து நீக்கலாம். கைன்மாஸ்டரின் இலவசப் பிரிவில் நீர்க்குறி இருக்கும். டிக்டோக்கின் தாய் நிறுவனமான பைட்டான்சின் கேப்கட் பயன்படுத்த எளிது. ஆனால் அதன் பல வசதிகள் இப்போது கட்டணப் பிரிவில் உள்ளன. தொகுக்கும்போது தாராளமாகக் காட்டிவிட்டு, கடைசியில் படத்தை வெளியேற்றும் வேளையில் பணம் கேட்கும் வசதிகளும் உண்டு. படத்தின் இறுதியில் அது தானாகச் சேர்க்கும் தன் பெயர்த் துண்டைக் காலக்கோட்டில் அழுத்தி அழித்துவிடலாம்.

கணினி உள்ளவர்களுக்கு

நகரத்தில் நல்ல இணைய வசதியோடு விண்டோஸ் 11 கணினி வைத்திருப்பவர்களுக்குக் கிளிப்சாம்ப் கையருகிலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உருவான இதனை மைக்ரோசாப்ட் 2021இல் வாங்கித் தன் விண்டோஸ் 11இல் சேர்த்தது. இலவசப் பிரிவிலேயே 1080பி தரத்தில் நீர்க்குறி இல்லாமல் படம் கிடைக்கும். 4கே தரமும், கட்டணக் குறியிட்ட இசையும் படங்களும் பணம் செலுத்துவோருக்கு உரியவை. மைக்ரோசாப்ட் கணக்கும் இணையத் தொடர்பும் வேண்டும் என்பதால், இணையம் விட்டுவிட்டு வரும் இடங்களில் இது பொறுமையைச் சோதிக்கும்.

தோட்டப்புறத்திற்கும் பழைய மடிக்கணினிக்கும் ஷாட்கட் பொருந்தும். இது திறமூல மென்பொருள். விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கணக்குத் திறக்கத் தேவையில்லை, நீர்க்குறி இல்லை, ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். சாதாரணத் தரத்திற்கு 4 ஜிபி, எச்டி தரத்திற்கு 8 ஜிபி, 4கே தரத்திற்கு 16 ஜிபி நினைவகம் இருக்க வேண்டும் என்று அதை உருவாக்குவோர் பரிந்துரைக்கின்றனர். கணினி திணறினால் 'ப்ராக்சி' என்ற தேர்வை இயக்கலாம். தொகுக்கும்போது மட்டும் சிறிய நகல்களைப் பயன்படுத்தி, முடிவில் மூலப் பதிவிலிருந்தே படத்தை உருவாக்கித் தரும் வசதி அது. திறமூல மென்பொருளை மற்றவருக்குப் படியெடுத்துக் கொடுப்பது சட்டப்படி சரியே. பட்டணத்தில் படிக்கும் பிள்ளை விரலியில் போட்டுக் கொண்டுவந்தால் தோட்டத்தில் உள்ள நான்கு வீடுகளும் பயன்படுத்தலாம். கேடென்லைவ், ஓப்பன்ஷாட் ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

இத்துறையைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பும் இளையோர் டாவின்சி ரிசால்வைப் பழகலாம். திரைப்படங்களின் வண்ணத்தைச் சீர்செய்யும் விலையுயர்ந்த கருவியாக இருந்த இதனை ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் 2009இல் வாங்கி, பின்னர் இலவசப் பதிப்பையும் வெளியிட்டது. முழுப் பதிப்பின் விலை 295 அமெரிக்க டாலர்; மாதச் சந்தா இல்லை. வீட்டுத் தேவைக்கு இலவசப் பதிப்பே மிகுதி. முழுப் பதிப்புக்குரிய விளைவுகளைச் சேர்த்தால் மட்டும் படத்தின் மீது நீர்க்குறி விழும். ஆனால் 16 ஜிபி நினைவகமும் நல்ல வரைகலை அட்டையும் இல்லாத கணினியில் இதை நிறுவி அவதிப்பட வேண்டாம்.

பணம் எங்கே பறிபோகிறது

முதலாவது, சோதனைக்காலம். ஏழு நாள் இலவசம் என்று தொடங்கும் செயலி, எட்டாம் நாள் வங்கி அட்டையிலிருந்து தானாகவே பணத்தை எடுத்துக்கொள்ளும். செயலியை அழித்துவிட்டால் சந்தா நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், நிற்காது. கூகல் பிளே அல்லது ஆப்பிள் கணக்கில் சந்தாக்கள் பகுதிக்குச் சென்று ரத்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, இலவசமாகத் தொகுத்துவிட்டுக் கடைசியில் சிக்குவது. ஃபில்மோராவைக் கட்டணமின்றி நிறுவிப் பழகலாம். ஆனால் வெளியேற்றும் படத்தில் அதன் நீர்க்குறி இருக்கும். மூன்று நாள் வேலையைக் கைவிட மனமில்லாமல் பணம் கட்டுவோர் உண்டு. எந்த மென்பொருளானாலும் முதல் நாளே பத்து நொடிக் காணொளி ஒன்றைத் தொகுத்து வெளியேற்றிப் பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

மூன்றாவது, உரிமத்தின் காலம். ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் நமக்கே என்பது எல்லா மென்பொருளுக்கும் பொருந்தாது. அடோபி பிரீமியர் எலிமெண்ட்ஸ் முன்பு அப்படித்தான் இருந்தது. 2025 பதிப்பிலிருந்து அதன் உரிமம் மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே.

நான்காவது, திருட்டுப் பதிப்பும் போலிப் பதிப்பும். விண்டோஸ் மூவி மேக்கரைப் பயன்படுத்திப் பழகிய பலர் இன்றும் அதைத் தேடுகின்றனர். மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டில் அதன் பெயரில் போலிப் பதிப்பொன்று இணையத்தில் பரவி, படத்தைச் சேமிக்க வேண்டுமானால் பணம் கட்டு என்று மக்களிடம் பறித்தது. மென்பொருளை அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்தோ, கூகல், ஆப்பிள், மைக்ரோசாப்ட் செயலிக் கடைகளிலிருந்தோ மட்டுமே பெற வேண்டும்.

பழைய திருமண விசிடி

பல வீடுகளின் அலமாரியில் திருமணம், சடங்கு, காதுகுத்து விசிடிகள் உறைக்குள் கிடக்கின்றன. கீறல் விழுந்தும் பூஞ்சை பிடித்தும் அவை ஒவ்வொன்றாக ஓடாமல் போகின்றன. வட்டு இயக்கி உள்ள கணினியில் விசிடியைப் போட்டு 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறையைத் திறந்தால், '.டேட்' என முடியும் பெரிய கோப்பு இருக்கும். அதுதான் படம். டிவிடியாக இருந்தால் 'வீடியோ_டிஎஸ்' கோப்புறையில் '.விஓபி' கோப்புகள் இருக்கும். அவற்றைக் கணினிக்குப் படியெடுத்து, விஎல்சி செயலியில் ஓட்டிப் பார்க்கலாம். தொகுப்பு மென்பொருள் திறக்க மறுத்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 கோப்பாக மாற்றிக்கொள்ளலாம்.

நம் நாட்டில் புழங்கிய பால் முறை விசிடியின் படம் அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள் மட்டுமே கொண்டது. இன்றைய தொலைக்காட்சியில் அது மங்கலாகத்தான் தெரியும். திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் அகன்று போகும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தாலும் பரவாயில்லை என்று அதன் இயல்பான வடிவிலேயே விடுவது நல்லது. விஎச்எஸ் நாடாவிலிருந்து மாற்ற, ஓடும் நிலையில் உள்ள நாடா இயக்கியும் யூஎஸ்பி வழி இணைக்கும் மாற்றுக் கருவியும் தேவை. மூன்று மணி நேர நாடாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும்; குறுக்கு வழி இல்லை.

பாட்டியின் பேச்சு படமாகும் விதம்

ஓய்வுபெற்ற பால்மரத் தொழிலாளியான பாட்டியிடம் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்த 40 நிமிடப் பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை எட்டு அல்லது பத்து நிமிடப் படமாக்க வேண்டும்.

முதலில் பதிவுகளைக் கணினிக்குப் படியெடுத்து, இன்னொரு நகலை வெளி வன்தட்டில் வைக்க வேண்டும். புலனத்தில் காணொளியாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். கம்பி வழி மாற்றலாம், அல்லது புலனத்திலேயே 'ஆவணம்' என்ற தேர்வில் அனுப்பலாம். அதில் 2 ஜிபி வரை தரம் குறையாமல் போகும்.

அடுத்து, மென்பொருளைத் திறக்கும் முன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பதிவு முழுவதையும் ஒருமுறை கேட்க வேண்டும். நான்காம் நிமிடம் மங்கு துடைத்தது, பதினோராம் நிமிடம் சம்பள நாள், இருபத்தாறாம் நிமிடம் தாத்தா பாம்பு கடித்து ஆஸ்பத்திரிக்குப் போனது என்று குறித்துக்கொண்டே வந்தால், எதை வைப்பது எதை விடுவது என்பது அந்தத் தாளிலேயே தெளிவாகும். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பிறகு தேர்ந்த பகுதிகளைக் காலக்கோட்டில் அடுக்கலாம். நாய் குரைத்தது, யாரோ குறுக்கே பேசியது, கேள்வியை இரண்டு முறை கேட்டது ஆகியவற்றை வெட்டிவிடலாம். ஆனால் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கும் அந்த அமைதியை வெட்டக்கூடாது. வெட்டிய இடங்களில் படம் திடீரெனத் தாவும். அங்கே பாட்டியின் பேச்சு ஓடிக்கொண்டிருக்க, மேல் தடத்தில் பழைய நிழற்படம், பால்வெட்டும் உளி, அவருடைய கைகள் என ஏதேனும் ஒன்றைச் சில நொடிகள் வைத்தால் தாவல் தெரியாது. பக்கம் புரள்வது, பூச்சிதறுவது போன்ற மாற்றக் காட்சிகளைத் தவிர்த்துவிடலாம்.

பேச்சொலி தாழ்வாக இருந்தால் உயர்த்தலாம். ஒலிமானி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். படம் ஓட ஓட உதடும் ஒலியும் பொருந்தாமல் போவது கைப்பேசிப் பதிவுகளில் நேர்வது உண்டு. கைப்பேசி நொடிக்கு இத்தனை சட்டகம் என்று சீராகப் பதியாமல் கூட்டிக் குறைப்பதே அதற்குக் காரணம். ஷாட்கட் அத்தகைய கோப்பைக் கண்டால் மாற்றித் தரட்டுமா என்று கேட்கும். சரி என்று சொல்லிவிட வேண்டும். ஐபோன் பதிவு விண்டோசில் திறக்கவில்லை என்றால், கேமரா அமைப்பில் எல்லாச் சாதனங்களுக்கும் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்து அடுத்த பதிவுகளை எடுக்கலாம். எடுத்து முடித்தவற்றை ஹேண்ட்பிரேக்கில் மாற்றிக்கொள்ளலாம்.

இறுதியில் எம்பி4, எச்.264, 1080பி என்ற அமைப்பில் வெளியேற்றினால் தொலைக்காட்சி, கைப்பேசி, கணினி எல்லாவற்றிலும் ஓடும். நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் பத்து நிமிடப் படம் ஏறக்குறைய 600 எம்பி அளவில் இருக்கும்.

தமிழில் தலைப்பு

சில மென்பொருள்களில் தமிழ் எழுத்துகள் சிதையும். 'தோட்டம்' என்று தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். புள்ளி தனியே விழும். முதலில் எழுத்துருவை மாற்றிப் பார்க்க வேண்டும். விண்டோசில் உள்ள நிர்மலா யூஐ, கூகல் இலவசமாகத் தரும் நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை நல்ல தேர்வுகள். ஆப்பிள் கணினிகளில் உள்ள இணைமதி, மலேசியரான முத்து நெடுமாறன் வடிவமைத்தது. அவருடைய செல்லினம் செயலியில் கைப்பேசியிலும் தமிழைத் தட்டலாம். எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை என்றால், பவர்பாய்ண்டில் தலைப்பை எழுதிப் படமாகச் சேமித்து அந்தப் படத்தைக் காலக்கோட்டில் வைத்துவிடலாம். படத்தில் எழுத்து சிதையாது.

இசையும் பகிர்வும்

பின்னணியில் சினிமாப் பாடலைப் போட்டுவிட்டு வலையொளியிலோ முகநூலிலோ ஏற்றினால், உரிமையாளரின் பாடல் என்று அந்தத் தளங்கள் தாமாகவே கண்டறிந்து ஒலியை முடக்கலாம். படத்தையே தடுக்கவும் செய்யலாம். மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் இருக்கிறது. வலையொளியின் ஒலி நூலகத்தில் கட்டணமில்லா இசை கிடைக்கும். பாட்டிக்குத் தெரிந்த தாலாட்டை அவரையே பாடச் சொல்லிப் பதிந்து பின்னணியாக வைத்தால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பேச்சு நடக்கும் இடங்களில் இசை இல்லாமல் விடுவதே சிறப்பு.

உறவினருக்கு மட்டும் காட்ட வேண்டிய படத்தை வலையொளியில் 'அன்லிஸ்டட்' என்ற தேர்வில் ஏற்றினால், இணைப்பு உள்ளவர் மட்டுமே பார்க்க முடியும். எங்கே ஏற்றுவதானாலும் பேசியவரிடம் முதலில் படத்தைக் காட்டிச் சம்மதம் பெற வேண்டும். வீட்டுக்குள் சொன்ன கடன் கதையும் சண்டைக் கதையும் ஊருக்குப் போவதை எந்தப் பெரியவரும் விரும்பமாட்டார். பிள்ளைகளின் முகம் தெரியும் காட்சிகளுக்கும் இதே கவனம் தேவை.

முடிந்த படத்தையும் மூலப் பதிவுகளையும் குறைந்தது மூன்று இடங்களில் வைக்க வேண்டும்: கணினி, வெளி வன்தட்டு, வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீடு. கூகல் கணக்கில் கிடைக்கும் 15 ஜிபி இலவச இடம் மின்னஞ்சலுக்கும் சேர்த்துத்தான். அதை மட்டும் நம்பியிருந்தால் விரைவில் நிறைந்துவிடும்.

படத்தின் கடைசியில் ஓர் அட்டை சேர்க்க மறக்க வேண்டாம். பேசுபவர் யார், எந்தத் தோட்டம், எத்தனையாவது டிவிஷன், எந்த ஆண்டில் பதிவானது, எடுத்தவர் யார் என்ற ஐந்து வரி போதும். இன்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த செய்திதான் அது. முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கப்போகும் கொள்ளுப்பேரனுக்கு அந்தத் தோட்டத்தின் பெயர் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம்.